தயங்கும் ரப்பர்

"செப்பாங்கில் சீறிப் பாயும் கார்களின் சக்கரத்தில் ஒட்டியிருப்பது நம் பாட்டன் பூட்டனின் ரத்தம்." தமிழ் மேடைகளில் இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கூடியிருக்கும் அரங்கில் இதற்குக் கைதட்டல் நிச்சயம். என் பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ஆகவே இந்த வாக்கியத்தில் எனக்கும் பங்குண்டு. பங்கு இருப்பதால்தான் இது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்கான சந்தர்ப்பம் இலக்கியத்தின் வழியாக வரவில்லை. நண்பன் ஒருவன் தன் மைவியை எடுத்துக்கொண்டு வார இறுதிகளில் ஆட்டோகிராஸ் போகத் தொடங்கியிருந்தான். காலியான கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு வைத்து, ஒருவர் பின் ஒருவராக ஓட்டி, கடிகாரத்தோடு போட்டி போடும் விளையாட்டு அது. இங்கே ஜிம்கானா, ஸ்லாலம் என்றும் சொல்வார்கள். எஞ்சினைத் தொடவேண்டாம், முதலில் டயரை மாற்று என்று அங்கே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். எந்த டயர் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். "நீதான் எதுக்கெடுத்தாலும் புத்தகம் தேடுவியே, இதையும் தேடிச் சொல்லேன்" என்றான். தேடப் போனேன். டயர் விளம்பரத்தில் ஆரம்பித்தது, பால்மரக் காட்டைக் கடந்து, 1942க்குப் போய், இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்து ஆய்வகத்தில் போய் நின்றது. இந்தக் கட்டுரை அந்தப் பாதையைப் பற்றியது.

தோற்றுப்போன காரின் வெற்றி

காற்றடைத்த டயரை ஜான் டன்லப் 1888இல் பெல்ஃபாஸ்டில் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தார். அவருக்கு 40 வருடம் முன்பே ராபர்ட் தாம்சன் அதே எண்ணத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அப்போது அதற்கேற்ற வண்டி உலகத்தில் இல்லை. சைக்கிள் வந்த பிறகுதான் காற்று டயருக்கு வாழ்வு வந்தது.

காருக்கு அது தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் ஒரு பந்தயத்தில்தான் கிடைத்தது. 1895இல் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் பந்தயம். கார் செய்தவர்கள் யாரும் காற்று டயரை நம்பத் தயாராக இல்லை. மிஷ்லின் சகோதரர்கள் தாங்களே ஒரு காரைத் தயார்செய்து, அதில் தங்கள் டயரை மாட்டி, தாங்களே ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். முதலில் வந்த லெவாஸர் 48 மணி 48 நிமிடத்தில் ஓட்டி முடித்தார். மிஷ்லின் கார் 100 மணி நேரக் கெடுவையும் தாண்டித்தான் வந்து சேர்ந்தது. பந்தயக் கணக்கில் அது தோல்வி. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே கார்கள் எல்லாம் காற்று டயருக்கு மாறின.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். டயர் என்பது பந்தயத்தில் தொழில்முறை ஓட்டுநர்களால் சோதிக்கப்படவில்லை. சொந்தக் காசில், சொந்த உயிரைப் பணயம் வைத்து, "போய்த்தான் பார்ப்போமே" என்று கிளம்பிய இருவரால் சோதிக்கப்பட்டது. கார் நிறுத்துமிடத்தில் கூம்புகளைச் சுற்றும் என் நண்பன் அந்த வம்சத்தைச் சேர்ந்தவன்.

இருபத்திரண்டு கன்றுகள்

நம் பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுருக்கமாகச் சொல்கிறேன். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்றை இன்றும் அங்கே போனால் பார்க்கலாம். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கோட் பையில் விதையைப் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளிடம் கெஞ்சித் திரிந்தவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் "கிறுக்கு ரிட்லி". 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1910இல் ரப்பர் விலை உச்சிக்குப் போனது. பிறகு ரிட்லியைக் கிறுக்கன் என்று யாரும் சொல்லவில்லை.

விலை ஏறிய வேகத்தில் காடு அழிந்தது. காடு அழிந்த வேகத்தில் ஆள் தேவைப்பட்டது. 1907இல் இந்தியர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்தார்கள். விடியற்காலைப் பிரட்டு, தலையில் விளக்கு, மங்கு, வாளி, லயத்து வீடு. இதைச் சொல்ல நம்மிடம் நாவல்கள் இருக்கின்றன. நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

சொல்ல விரும்புவது வேறொன்று. பாலாக வந்து ஷீட்டாகப் புகையூட்டப்பட்டுப் போன அந்த ரப்பர் நல்ல டயர் ஆகவில்லை. அது மட்டும் போதாது. ஆரம்பகால டயர்கள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தன, சீக்கிரம் தேய்ந்தன. 1904இல் லண்டனின் கிழக்கே சில்வர்டவுன் என்ற இடத்துத் தொழிற்சாலையில், ரப்பரோடு கரித்தூள் கலந்தால் அது பல மடங்கு உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார்கள். சாதாரண அடுப்புக்கரி இல்லை. எண்ணெயையோ வாயுவையோ அரைகுறையாக எரித்துப் பிடிக்கும் மிக நுண்ணிய புகைக்கரி. 1910களில் அமெரிக்க நிறுவனங்கள் இதை எடுத்துக்கொண்டன. டயர் கறுப்பானது அப்போதுதான். பாட்டி வாளியில் சுமந்தது வெள்ளை. கடையில் விற்றது கறுப்பு. நடுவில் நிகழ்ந்ததை வேதியியல் என்று சொல்கிறோம்.

1942: இரண்டு பாதைகள்

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் ஏறக்குறைய 90 சதவீதம் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது. ஒரே மூச்சில் அது நின்றுபோனது. அமெரிக்காவில் டயருக்குப் பங்கீட்டு முறை வந்தது. டயரைக் காப்பாற்றுவதற்காகவே சாலைகளில் மணிக்கு 35 மைல் வேகக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் கோடையில் கார்ப் பந்தயங்கள் முற்றாகத் தடைசெய்யப்பட்டன.

ஜெர்மனியில் 1929இலேயே ஸ்டைரீனையும் பியூட்டாடையீனையும் சேர்த்துச் செயற்கை ரப்பர் செய்திருந்தார்கள். அமெரிக்க அரசு பணத்தைக் கொட்டி அதையே பெரிய அளவில் செய்தது. போர் முடிவதற்குள் ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி. மரம் வளர ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம். கங்காணி வேண்டாம். மழை பெய்தால் வெட்டு நின்றுபோகும் என்ற கவலை வேண்டாம்.

அதே வருடங்களில் மலாயாத் தோட்டங்களில் என்ன நடந்தது? வாங்க ஆளில்லாமல் ரப்பர் தேங்கியது. வேலையில்லை, அரிசியில்லை. வேலையற்றுக் கிடந்த தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கூட்டிப்போனார்கள். சிலர் கூலிக்கு ஆசைப்பட்டுப் போனார்கள். பலர் லாரியில் ஏற்றப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 'சயாம் மரண ரயில்' என்று நாம் ஒரு தனி அத்தியாயமாகப் படிக்கிறோம். டயர் வரலாற்றை எழுதுபவர்கள் செயற்கை ரப்பரின் பிறப்பை இன்னொரு தனி அத்தியாயமாக எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். ஒரு கரையில், பால்வெட்டுத் தொழிலாளி இல்லாமலே ரப்பர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். மறு கரையில், ரப்பர் இல்லாததால் அந்தத் தொழிலாளி தண்டவாளத்துக்குத் தேவைப்பட்டான்.

துள்ளாத பந்து

மேடை வாக்கியம் சறுக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒட்டுப்பாலை நூல் நூலாக இழுத்துச் சுற்றிப் பந்து செய்வார்கள். "ஓங்கி அடிச்சா லயத்துக் கூரைக்கு மேல போயிடும், தேடி எடுக்கவே பாதி நாள் ஆகும்" என்று பாட்டி சொல்வார். பால்மர ரப்பரின் இயல்பு அது. அழுத்தினால் வாங்கிய சக்தியை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் பந்து துள்ளுகிறது. இப்போது இன்னொரு பந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுவும் ரப்பர்தான். ஆனால் தரையில் போட்டால் 'தொப்' என்று விழுந்து கிடக்கும். கொடுத்த சக்தியைத் தனக்குள்ளேயே சூடாக மாற்றி வைத்துக்கொண்டுவிட்டது.

வளைவில் கார் வழுக்காமல் இருக்க எந்த ரப்பர் வேண்டும்? துள்ளுகிற பந்தா, விழுந்து கிடக்கிற பந்தா?

தார்ச்சாலையை உற்றுப் பாருங்கள். அது வழவழப்பானதல்ல, சிறுகற்களின் மேடு பள்ளம். டயர் அதன்மேல் சறுக்கும்போது ரப்பர் ஒவ்வொரு கல்லையும் ஏறி இறங்குகிறது. துள்ளும் ரப்பர் கல்லின் முன்பக்கத்தில் வாங்கிய அழுத்தத்தைப் பின்பக்கத்தில் திருப்பித் தந்துவிடும். கூட்டிக் கழித்தால் தடை ஏதுமில்லை. துள்ளாத ரப்பர் திரும்பி வரத் தாமதிக்கிறது. கல்லின் முன்பக்கம் மட்டும் அழுத்தம் நிற்கிறது. அந்தத் தாமதமே பிடிப்பு. இயற்பியலில் இந்தக் குணத்துக்குத் தமிழில் ஓர் அழகான சொல் இருக்கிறது: தயக்கம். காந்தவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பழைய நிலைக்குத் திரும்பத் தயங்கும் பொருள். பந்தய டயர் என்பது தயக்கம் மிகுந்த ரப்பர்.

1950களின் கடைசியில் கேம்பிரிட்ஜில் டேவிட் டேபர் தயக்கம் அதிகமான ரப்பர் ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். பிரிட்டிஷ் டயர் நிறுவனங்கள் அதை உடனே பயன்படுத்தின. 1960களின் டன்லப் பந்தய டயர்களில் எந்தக் கலவை என்று காட்டப் பக்கச்சுவரில் பச்சைப் புள்ளி, மஞ்சள் புள்ளி வைத்தார்கள். எந்தப் பந்தயத்துக்கு எந்தப் புள்ளி என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது.

1963இல் கே. ஏ. குரோஷ் என்ற ஆய்வாளர் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரப்பர்த் துண்டுகளை உரசும் கண்ணாடி, உப்புத்தாள் போன்ற பரப்புகளின் மேல் மிக மெதுவாக இழுத்து, உறைகுளிரிலிருந்து கொதிநிலைக்கு அருகே வரை பல வெப்பநிலைகளில் உராய்வை அளந்தார். வேகமும் வெப்பமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள், இரண்டையும் ஒரே வளைகோட்டில் பொருத்திவிடலாம் என்று கண்டார். ஒவ்வொரு ரப்பருக்கும் பிடிப்பு உச்சத்தில் இருக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதற்குக் கீழே விறைப்பு. மேலே தளர்ச்சி. இன்று டயர் பொறியாளர்கள் பேசும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கட்டுரை இருக்கிறது.

குரோஷ் வேலை செய்தது எந்தப் பந்தய நிறுவனத்திலும் அல்ல. இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்த இயற்கை ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கத்தில். அதே ஆய்வகத்தில்தான் ரப்பர் எப்படித் தேய்கிறது, எப்படிச் சறுக்குகிறது என்பதை அடோல்ஃப் ஷாலமாக் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ரப்பர் கடினமான பரப்பின் மேல் சறுக்கும்போது சுருக்கம் சுருக்கமாக ஓடும் அலைகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த ஆய்வகத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மலாயாவின் ரப்பர் ஏற்றுமதியில் பவுண்டுக்கு இவ்வளவு என்று பிடித்த வரியிலிருந்து. பின்னாளில் அது மலேசியப் பெயருக்கே மாறியது. இன்று ஹெர்ட்ஃபோர்டுக்கு அருகே துன் அப்துல் ரசாக் பெயரில் இயங்குகிறது.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பால்மர ரப்பர் பந்தயத்துக்கு ஏற்றதல்ல என்பதை விளக்கிய அறிவியலுக்கே பால்மரம்தான் செலவு செய்திருக்கிறது. அந்த வரி தோட்ட நிறுவனங்களின் ஏற்றுமதிக் கணக்கில் எழுதப்பட்டது. ஆனால் ஒவ்வொரு பவுண்டையும் மரத்திலிருந்து இறக்கியவர்கள் இருந்தார்கள். தமிழர் மட்டுமல்ல, சீனர், ஜாவானியர், சிறுதோட்டம் வைத்திருந்த மலாய்க்காரர். அவர்களில் யாருக்கும் தாங்கள் உராய்வு பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஓட்டியவர்கள்

ஆய்வகத்தில் குரோஷ் இழுத்துப் பார்த்த அதே காலத்தில், மரம் வளர்ந்த ஊரிலும் கார் ஓட்டினார்கள். சிங்கப்பூரில் 1950களில் சவுத் புவனா விஸ்தா சாலையின் வளைவுகளில் மலையேற்றப் பந்தயம் நடந்தது. 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி. கிட்டத்தட்ட 3 மைல் சுற்று. சாதாரண நாட்களில் பஸ் ஓடும் சாலை. ஓரத்தில் மழைநீர்க் கால்வாய், விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம். ஒரு வளைவுக்குப் 'பிசாசு வளைவு' என்றே பெயர். ஓட்டியவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்தவர்கள். இந்தப் பக்கம் 1968இல் பத்து தீகாவில் நிரந்தரத் தடம் வந்தது. 1999இல் செப்பாங்.

1971இல் ஃபார்முலா ஒன்னில் கோடுகளே இல்லாத மழமழப்பான டயர் வந்தது. காய்ந்த சாலையில் கோடுகளுக்கு வேலையில்லை. அவை தண்ணீரை வெளியேற்ற மட்டுமே. கோட்டை எடுத்துவிட்டால் தரையைத் தொடும் ரப்பர் அதிகம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து தடத்துக்கு ஓட்டிப்போக முடியாது. சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் டயராகவும் இருக்க வேண்டும், தடத்தில் பந்தய டயர்போலவும் பிடிக்க வேண்டும். பொழுதுபோக்கு ஓட்டுநர்களின் இந்த இரட்டை ஆசையில் பிறந்ததுதான் நம்மூரில் 'செமி ஸ்லிக்' என்று சொல்லும் வகை.

இருநூறு என்ற வேலி

டயரின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 1970களின் இறுதியில் அமெரிக்க அரசு கொண்டுவந்த முறை அது. டெக்ஸாஸில் குறிப்பிட்ட சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தைக் கணக்கிடுவார்கள். ஒப்பீட்டு டயர் 100 என்றால், இரண்டு மடங்கு உழைப்பது 200. குடும்பக் கார் டயர்களில் 300, 400, அதற்கு மேலும் பார்க்கலாம். சாமானிய வாடிக்கையாளர் ஏமாறாமல் இருக்க வந்த எண்.

அமெரிக்க ஆட்டோகிராஸ் சங்கங்கள் அதை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டன. பணக்காரர் வாரம் ஒரு செட் மிருதுவான டயர் வாங்கி ஜெயித்துவிடக் கூடாது. ஆகவே சாலைக் கார் பிரிவில் 200க்குக் குறைந்த எண் கொண்ட டயர் கூடாது என்று விதி வைத்தார்கள். பிற நாட்டுச் சங்கங்களும் அந்த எண்ணைப் பின்பற்றின. ஆனால் அந்த எண்ணை டயரில் அச்சடிப்பது தயாரிப்பாளரே. வேலி எங்கே என்று தெரிந்ததும் வேலியோரம் வரை வந்து நிற்கும் டயர்களைச் செய்தார்கள். யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ் இரண்டிலும் 200 என்றுதான் இருக்கும். இரண்டும் சில ஆண்டுகளுக்கு முந்தைய பந்தய டயர்களை வெட்கப்படவைக்கும். எளியவரைக் காக்கப் போட்ட எண், வேகத்தின் விளம்பரமாக மாறிய கதை இது. சட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது.

எதை வாங்குவது

நண்பனுக்கு நான் எழுதிக் கொடுத்ததன் சாரம் இது. குரோஷின் வளைகோட்டை மனதில் வைத்தால் எல்லாம் விளங்கும்.

முதல் கேள்வி டயரைப் பற்றியது இல்லை. எவ்வளவு நேரம் ஓட்டப்போகிறாய் என்பது. ஆட்டோகிராஸ் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். டயர் சூடாக நேரமில்லை. தொடக்கக் கோட்டிலேயே பிடிக்க வேண்டும். செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், சாதாரணக் காருக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 20 நிமிடம் விடாமல் ஓட்டினால் டயர் தன் எல்லையைத் தாண்டிக் கொதிக்கும். சீக்கிரம் விழிக்கும் டயர் சீக்கிரம் களைத்துப்போகும். அமெரிக்காவின் ஹூசியர் நிறுவனம் இதை ஒளிக்காமல் இரண்டு பெயர்களில் விற்கிறது: ஏ7 ஆட்டோகிராஸுக்கு, ஆர்7 தடத்துக்கு.

இரண்டாவது, நம் ஊர். டயர் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டிலிருந்து வருகின்றன. காலைப் பத்து டிகிரியில் டயரைச் சூடாக்குவது எப்படி என்பது அவர்கள் கவலை. மதியம் செப்பாங்கின் தார் 50 டிகிரியைத் தாண்டும். இங்கே டயரைக் குளிர்விப்பதுதான் பாடு. குளிர்நாட்டில் புகழப்பட்ட டயர் இங்கே நாலாவது சுற்றில் வழுக்கத் தொடங்கினால் டயரைத் திட்டிப் பயனில்லை.

மூன்றாவது, மழை. 2009 செப்பாங் பந்தயத்தில் ஃபெராரி நிறுவனம் மழை வருமுன்பே ரைக்கோனனின் காருக்குக் கனமழை டயரை மாட்டியது. மழை வரவில்லை, காய்ந்த சூடான தாரில் அந்த டயர் கிழிந்து நாசமானது. தூறல் விழுந்தபோது மற்றவர்கள் கனமழை டயருக்குப் போக, க்ளாக் இடைநிலை டயரில் வேகமாக முன்னேறி மூன்றாவதாக வந்தார். பிறகு பேய்மழை, பந்தயம் நிறுத்தப்பட்டு, 31 சுற்றுகளின் கணக்கில் பாதிப் புள்ளிகள்தான் கொடுக்கப்பட்டன. கணினிகளும் வானிலை நிபுணர்களும் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி. ஒரே செட் டயரில் வீட்டிலிருந்து வந்து, ஓட்டி, மாலை மழையில் நெடுஞ்சாலையில் திரும்பிப் போகிறவன் என்ன செய்வது? கோடு குறைந்த டயர் தேங்கிய நீரில் மிதக்கும். திரும்பும் பாதையை நினைத்துத்தான் டயர் வாங்க வேண்டும். கோடு ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் ஓட்டக் கூடாது; மழையில் அதற்கு வெகுமுன்பே அது நம்மைக் கைவிட்டுவிடும்.

மிச்சமெல்லாம் சில்லறை விஷயங்கள், ஆனால் முக்கியமானவை. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. மலிவாகக் கிடைக்கும் பழைய பந்தய டயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அதன் தயக்கம் கொஞ்சம் குறைகிறது. ஓட்டும்போது காற்றழுத்தம் ஏறும்; ஆகவே ஓடி முடித்ததும் சூட்டோடு அளந்து குறித்துக்கொள். டயரின் தோளில் சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டியபின் எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார். டயர் எவ்வளவு மடங்குகிறது என்று அது சொல்லிவிடும். முதல் வருடம் நல்ல சாலை டயரிலேயே ஓட்டு. அது வழுக்குமுன் கத்தி எச்சரிக்கும். செமி ஸ்லிக் கடைசிவரை அமைதியாகப் பிடித்துவிட்டுத் திடீரென்று விடும்.

யார் தாங்குகிறார்

இனி அந்த மேடை வாக்கியம். பந்தய டயரில் தரையைத் தொடும் பகுதி பெரும்பாலும் பெட்ரோலிய வழிச் செயற்கை ரப்பர், கரித்தூள், எண்ணெய், பிசின். பால்மரம் அங்கே சிறுபான்மை. "சக்கரத்தில் ஒட்டியிருப்பது நம் ரத்தம்" என்பது வேதியியல்படி நிற்காது.

ஆனால் டயரை அறுத்துப் பார்த்தால், தரையைத் தொடும் தோலுக்கு உள்ளே எஃகுக் கம்பிகள் வரிசையாக இருக்கும். பித்தளை பூசிய அந்தக் கம்பிகளைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் பெரும்பாலும் பால்மர ரப்பர். இழுக்கும்போது உறுதியாவது, கிழிசலைத் தடுப்பது, குறைவாகச் சூடேறுவது ஆகிய குணங்களில் அதற்கு முழுமையான மாற்றை இன்றுவரை ஆய்வகம் செய்யவில்லை. கனரக லாரி டயரில் அதன் பங்கு அதிகம். விமான டயர் ஏறக்குறைய முழுவதும் அதுதான். போர்க்காலச் செயற்கை ரப்பரே பெரிய லாரிகளில் கொதித்துப்போய்ப் பால்மர ரப்பரின் துணையைத் தேடியது. பளபளக்கும் இடத்தில் அது இல்லை. பாரம் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

நம் உழைப்பின் நினைவை நாம் ஏன் எப்போதும் வேகத்தோடும் மின்னும் கார்களோடும் கட்டிவைக்கப் பார்க்கிறோம் என்று யோசிக்கிறேன். அரங்கில் கைதட்டல் வாங்க அது உதவும். ஆனால் தவறான ஆதாரத்தில் நிற்கும் நினைவை, கொஞ்சம் வேதியியல் தெரிந்த ஒருவர் ஒரே கேள்வியில் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளும்போது உண்மையான பகுதியும் சேர்ந்து விழும். அரிசி லாரியின் டயரிலும், இரவில் கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கும் விமானத்தின் டயரிலும், 1963ஆம் ஆண்டின் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் போன வரிப்பணத்திலும் இருப்பதைச் சொல்ல ரத்தம் என்ற சொல் தேவையில்லை. ஏற்றுமதிக் கணக்குகளும் தோட்டப் பதிவேடுகளும் போதும். அந்தப் பதிவேடுகள் இன்னும் சில இடங்களில் கறையான் அரிக்காமல் இருக்கின்றன. கவிதை எழுதும் இளைஞர்கள் ஒரு முறை அவற்றையும் போய்ப் புரட்ட வேண்டும்.